காமிகின் தீவு: எந்த இடத்தை எப்போது பார்ப்பது, எந்த வரிசையில் போவது

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ பெருந்தீவுக்கு வடக்கே, பொஹோல் கடலில் இருக்கிறது காமிகின். நாட்டின் மிகச் சிறிய மாகாணங்களில் ஒன்று. கரையோரமாக ஒரே சாலை, முழுச் சுற்றும் 64 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் இதைப் பார்த்ததும் புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: காலையில் கிளம்பினால் மாலைக்குள் சுற்றி முடித்துவிடலாம்.

சுற்றி முடிக்கலாம், உண்மைதான். ஆனால் உச்சி வெயிலில் நிழலே இல்லாத மணல்திட்டில் நிற்பீர்கள், மூச்சு வாங்கும் நேரத்தில் எரிமலைப் படிகளில் ஏறுவீர்கள், இருட்டின பிறகு தேவாலயச் சுவரைத் தடவிப் பார்ப்பீர்கள். இங்கே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, நேரம்தான் பிரச்சினை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொழுது இருக்கிறது, அந்தப் பொழுதில் போனால்தான் அது கைக்கு வரும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான்.

1. நாட்களை அல்ல, காலைகளை எண்ணுங்கள்

காமிகினில் அதிகாலையில் மட்டுமே நன்றாக இருக்கும் இடங்கள் மூன்று: வெள்ளைத் தீவு, பழைய எரிமலையின் சிலுவைப் பாதை, மந்திகே தீவு. ஒவ்வொன்றும் ஒரு காலையைத் தின்றுவிடும், ஒரே காலையில் இரண்டைப் பார்க்க முடியாது. அதனால் மூன்று காலைகள் வேண்டும், அதாவது மூன்று இரவு தங்க வேண்டும். இரண்டு இரவுதான் முடியும் என்றால் மந்திகேயை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டையும் விடாதீர்கள்.

ஹிபோக்-ஹிபோக் மலை ஏறும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு முழு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், நம் ஊர்ப் பழக்கத்தில் மாலை ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். அங்கே ஆண்டு முழுக்க ஐந்தேகாலுக்கும் ஆறேகாலுக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். விடிவதும் அதற்கேற்ப சீக்கிரம். ஐந்து மணிக்கு எழுந்து கொள்பவருக்கு இந்தத் தீவில் பாதி வேலை முடிந்த மாதிரி.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

விசா: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூன் முதல் 14 நாள் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று எல்லாம் கையில் வேண்டும். இந்த 14 நாளை அங்கே போய் நீட்டிக்க முடியாது. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 30 நாள். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஈ-டிராவல் பதிவு: நாட்டில் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் அல்ல.

ரொக்கம்: ஏ.டி.எம். பெரும்பாலும் தலைநகரான மம்பாஹாவில்தான். தீவின் மேற்கிலும் தெற்கிலும் பணம் தீர்ந்தால் திரும்பி வருவது தவிர வழியில்லை. ஒவ்வொரு அருவியிலும் ஊற்றிலும் சின்னச் சின்ன நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், வழிகாட்டிக் கட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆயிரம் பெசோ நோட்டை நீட்டினால் கட்டணம் வாங்குபவரிடம் சில்லறை இருக்காது. 20, 50, 100 பெசோ நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

உடை, பொருள்: நனைந்தாலும் வழுக்காத, குதிகாலில் பட்டை உள்ள செருப்பு, முழுக்கை நீச்சல் சட்டை, தண்ணீர் புகாத பை, தலைக்குத் தொப்பி, பெண்களும் ஆண்களும் தோளையும் முழங்காலையும் மூடிக்கொள்ள ஒரு மெல்லிய துண்டோ லுங்கியோ. கடைசியாகச் சொன்னதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கடலில் இருந்து ஏறி நேரே தேவாலயத்துக்குப் போவது இந்தத் தீவில் சர்வசாதாரணமாக நடக்கும், ஈர நீச்சலுடையோடு உள்ளே போவது ஊர்க்காரர்களுக்கு வருத்தம் தரும்.

கடல் ஏற்ற இறக்க அட்டவணை: காமிகினுக்கான அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நீங்கள் இருக்கப் போகும் நாட்களுக்கு எத்தனை மணிக்குக் கடல் ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மணல்திட்டும், மூழ்கிய கல்லறையும், கடலோர வெந்நீர் ஊற்றும் இந்த நேரத்தைப் பொறுத்தே மாறும்.

எந்த மாதம்: மார்ச் முதல் ஜூன் வரை மழை குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், படகும் அடிக்கடி நிற்கும். அக்டோபரில் லான்சோனஸ் பழத் திருவிழா, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் யாத்திரைக் கூட்டம். இந்த இரண்டு சமயத்திலும் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும்.

3. தீவுக்குள் வருவது

மூன்று வழிகள் உண்டு. செபுவில் இருந்து சின்ன விமானம் மம்பாஹாவுக்கு வருகிறது, இதுவே சுலபம். ஆனால் வானிலை கெட்டால் முதலில் ரத்தாவதும் இதுதான். அதனால் திரும்பும் நாளில் இதையும் சர்வதேச விமானத்தையும் ஒட்டி ஒட்டிப் போடாதீர்கள், நடுவில் ஒரு இரவு விடுங்கள்.

பொஹோலில் இருந்து வருபவர்களுக்கு ஹக்னா துறைமுகத்தில் இருந்து மம்பாஹாவை ஒட்டிய பால்பாகோன் துறைமுகத்துக்குக் கப்பல் இருக்கிறது. தடவைகள் குறைவு, நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். முந்தைய நாளே துறைமுகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதிகம் பேர் வருவது மிண்டனாவோவில் உள்ள ககாயன் டி ஓரோ நகரம் வழியாக. இங்கேதான் தடுமாற்றம் ஆரம்பம். லகிண்டிங்கான் விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே, படகு ஏறும் பாலிங்கோவான் துறைமுகம் நகரத்துக்குக் கிழக்கே. விமான நிலையத்தில் இருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரம், அங்கே அகோரா பேருந்து நிலையத்தில் கிழக்கே புட்டுவான் பக்கம் போகும் பேருந்தைப் பிடித்துப் பாலிங்கோவானுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், பிறகு பெனோனி துறைமுகத்துக்குப் படகில் ஒன்றரை மணி நேரம் போல. காத்திருப்பதையும் சேர்த்தால் ஐந்தாறு மணி நேரம் தின்றுவிடும். மதியம் விமானம் இறங்கி அன்றைக்கே தீவுக்குள் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் பாலிங்கோவானில் கடைசிப் படகைத் தவறவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காலை விமானம் பிடியுங்கள், இல்லாவிட்டால் அன்று இரவு ககாயனிலேயே தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள்.

பேருந்தில் ஏறும்போதே நடத்துநரிடம் "பாலிங்கோவான் துறைமுகம்" என்று சொல்லிவிடுங்கள். அது கடைசி நிறுத்தம் இல்லை, வண்டி உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தூங்கிவிட்டால் புட்டுவான்தான்.

4. தங்குவது வடமேற்கில்

படகு விடுவது தென்கிழக்கில் உள்ள பெனோனியில் என்பதால் அங்கேயே அறை எடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம். மம்பாஹாவுக்கு மேற்கே உள்ள யும்பிங், அகோஹோ கிராமங்களில் தங்குங்கள். வெள்ளைத் தீவுக்குப் படகு கிளம்புவது இங்கிருந்துதான், சிலுவைப் பாதையும் வண்டியில் கொஞ்ச தூரம்தான். மூன்று அதிகாலைகளில் இரண்டு இந்தப் பக்கம், எனவே தூக்கம் மிச்சமாகும்.

5. வண்டி

இரண்டு பேர் வரை என்றால் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதே நல்லது. அதற்கு மேல், அல்லது வயதானவர்கள் கூட இருந்தால், ஓட்டுநரோடு மல்டிகேப் பேசிக்கொள்ளுங்கள். மல்டிகேப் என்பது பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட சின்ன வேன். நாள் வாடகை பேசும்போது எந்தெந்த இடம், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஓட்டுநர்களிடம் பழகின ஒரு வரிசை இருக்கும், அது பெரும்பாலும் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். "நாங்கள் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும்" என்பதை முதல் நாள் இரவே சொல்லி, பதிலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் எடுப்பவர்களுக்கு: அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். நேர் சாலையில் குழப்பம் வராது. பெட்ரோல் போட்டுவிட்டோ, அருவிக்குப் போன சந்தில் இருந்து வெளியே வந்தோ முதன்மைச் சாலையில் ஏறும் அந்தக் கணத்தில்தான் கை தானாக இடது பக்கம் திருப்பும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட் இரண்டும் கட்டாயம். வெளிநாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் வந்த நாளில் இருந்து 90 நாள் செல்லும்.

வண்டியை வாங்கும் முன் பிரேக், விளக்கு, டயர் மூன்றையும் பாருங்கள், கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டின பிறகு ஓட்டாமல் இருப்பது நல்லது. தெரு விளக்கு இல்லாத இடம் நிறைய, சாலை ஓரத்தில் நாய்கள் படுத்திருக்கும்.

6. வந்த அன்று மாலை: ஆர்டென்ட் வெந்நீர் ஊற்று

வந்து சேர்ந்த நாளில் வேறு எதையும் செருகாதீர்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் தாக்டோ பகுதியில் மலையடிவாரத்தில் உள்ள ஆர்டென்ட் ஊற்றுக்குப் போங்கள். ஹிபோக்-ஹிபோக் எரிமலையின் அடிச்சூட்டில் காய்ந்து வரும் நீர், 40 டிகிரி போல இருக்கும். மதிய வெயிலில் இதில் இறங்குபவர்கள் ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி வெளியே வந்துவிடுகிறார்கள். மலைக்காற்று குளிர்ந்த பிறகு அதே நீர் இதமாக இருக்கும், பயண அலுப்பும் போகும்.

மேல் தொட்டியில் சூடு அதிகம், கீழே போகப் போகக் குறையும். கீழே இருந்து தொடங்கி மேலே போங்கள். கன மழை பெய்து கொண்டிருந்தால் மட்டும் போக வேண்டாம், அது மலை ஓடையை ஒட்டிய இடம். 2001 நவம்பரில் புயல் மழையில் இந்தத் தீவின் கிழக்கே மஹினோக் பகுதியில் மலையில் இருந்து வெள்ளமும் சேறும் இறங்கிப் பல உயிர்கள் போயின. மழை நாளில் ஓடை, அருவிப் பக்கம் போகாதீர்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னால் மறுபேச்சு பேசாமல் கேளுங்கள்.

7. முதல் காலை: வெள்ளைத் தீவும் கட்டிபவாசன் அருவியும்

வெள்ளைத் தீவு வெறும் மணல்திட்டு. மரமோ நிழலோ கட்டடமோ கழிவறையோ எதுவும் கிடையாது. அதன் வடிவமே கடல் ஏறி இறங்குவதற்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கும். கடல் முழுக்க ஏறியிருக்கும் நேரத்தில் போனால் நிற்க இடம் கொஞ்சமாகத்தான் இருக்கும், அட்டவணையைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

விடியும் முன்பே படகுத்துறைக்குப் போய்விடுங்கள். கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஒரு படகில் ஆறு பேர் வரை போகலாம். தனியாகவோ இரண்டு பேராகவோ வந்திருந்தால் பதிவு மேசையில் அதே நேரத்தில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

இங்கே காலையில் போவதற்குப் படம் ஒரு காரணம், உடம்பு இன்னொரு காரணம். மணலில் நின்று தீவைத் திரும்பிப் பார்த்தால் ஹிபோக்-ஹிபோக் முழுதாகத் தெரியும், ஆனால் எட்டு ஒன்பது மணிக்கு மேல் உச்சியில் மேகம் உட்கார்ந்துவிடும். வெள்ளை மணலில் பட்டுத் திரும்பும் வெயிலும் அந்த நேரத்தில் இருந்துதான் தோலை உரிக்க ஆரம்பிக்கும். மணலில் வாடகைக் குடை கிடைக்கும், தேவைப்பட்டால் எடுங்கள். அங்கே விற்கும் கடல் முள்ளெலி, ஆமாம் அதை உடைத்து அப்படியே சாப்பிடுவார்கள், அது வேண்டாம் என்றாலும் அதே முள்ளெலி தண்ணீருக்குள்ளும் இருக்கும் என்பதை ஞாபகம் வைத்து, செருப்போடு நடங்கள்.

எட்டரைக்குள் கரை திரும்பி, சாப்பிட்டுவிட்டு, முற்பகலில் கட்டிபவாசன் அருவிக்குப் போங்கள். 70 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரே கோடாக விழும் நீர், இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். பாறைகள் நெருக்கி நிற்பதால் சூரியன் உயர ஏறின பிறகுதான் அடிக்குளத்தில் வெளிச்சம் விழும். நீர் சில்லென்று இருக்கும், வெள்ளைத் தீவில் சுட்ட உடம்புக்கு அது மருந்து. இதே இரண்டு இடத்தையும் மாற்றிப் பார்ப்பவர்கள், அதாவது காலையில் அருவி, மதியம் மணல்திட்டு என்று போடுபவர்கள், இரண்டிலும் பாதிதான் அனுபவிக்கிறார்கள்.

அருவி வாசலில் கிப்பிங் என்று ஒன்று விற்பார்கள். மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்த மெல்லிய அப்பளம் மாதிரியான பண்டம், மேலே இனிப்புப் பாகு. கட்டாயம் சாப்பிடுங்கள்.

மதியம் மம்பாஹாவ் ஊருக்குள். தேவாலயம், அதைச் சுற்றியுள்ள பழைய மர வீடுகள், சந்தை. வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள், தெருவில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் எடுப்பது, பெட்ரோல் போடுவது எல்லாம் இப்போதே. நாளை போகும் பக்கத்தில் இவை கிடைப்பது அரிது.

8. இரண்டாம் காலை: எரிமலை, இடிந்த தேவாலயம், மூழ்கிய கல்லறை

காமிகினுக்கு வருவதே இந்த மூன்றுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். மூன்றும் மேற்குக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மூன்றும் ஒரே சம்பவம். 1871-இல் கதார்மன் பக்கம் கடலோரத்தில் நிலம் வெடித்துப் புதிய எரிமலை ஒன்று எழுந்தது. அடுத்த நான்காண்டுகளில் அது 450 மீட்டருக்கு மேல் வளர்ந்தது. அங்கே இருந்த கோட்டா பாத்தோ என்ற ஊர் அழிந்தது, தேவாலயம் இடிந்தது, இடுகாடு கடலுக்குள் இறங்கியது. காரணத்தை முதலில் பார்த்துவிட்டு விளைவைப் பார்த்தால்தான் இந்த இடங்கள் பேசும். அதனால் மலை, தேவாலயம், கல்லறை என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பெயரில் ஒரு குழப்பம் வரும். வரைபடத்தில் "பழைய எரிமலை", "வல்கன் மலை", "சிலுவைப் பாதை" என்று மூன்று பெயர்களைப் பார்த்து மூன்று இடம் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஒன்றுதான். பழையது என்று சொன்னாலும் தீவின் எரிமலைகளில் இதுதான் இளையது.

சிலுவைப் பாதை: சாலையை ஒட்டியே படிகள் தொடங்கும். ஏசுவின் பாடுகளைச் சொல்லும் 14 நிலைகள், ஆளுயரச் சிலைகளோடு, மலையேற்றத்தில் இடைவெளி விட்டு விட்டு வரும். ஆறு மணிக்கு முதல் படியில் இருங்கள். மரங்களுக்கு நடுவே காற்று அசையாது, ஒன்பது மணிக்கு மேல் ஈரப் புழுக்கத்தில் பாதியிலேயே திரும்பிவிடுவீர்கள். நிதானமாக ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் வையுங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து. மழை பெய்திருந்தால் பாசி வழுக்கும், ஏறுவதை விட இறங்கும்போது கவனம்.

முதல் நிலைகளில் படம் எடுத்தே நேரத்தைக் கரைப்பவர்கள் அதிகம். நடந்து கொண்டே இருங்கள், மேலே போகப் போகக் கடல் திறக்கும். ஒவ்வொரு நிலையிலும் மண்டியிட்டு ஜெபிக்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் முடிக்கும் வரை பின்னால் நில்லுங்கள், சிலைகளைக் கட்டிப்பிடித்தோ மேலே ஏறியோ படம் எடுக்க வேண்டாம். புனித வாரத்தில் பனா-ஆட் என்ற நேர்த்திக்கடனுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் தீவின் 64 கிலோமீட்டரையும் நடந்தே சுற்றுவார்கள், அப்போது இந்தப் படிகள் நிரம்பி வழியும். அந்த வாரம் வந்திருந்தால் வண்டியை விட்டுவிட்டு நீங்களும் கொஞ்ச தூரம் கூட நடங்கள்.

கியோப் தேவாலய இடிபாடு: இறங்கி வந்ததும் போன்போனில் உள்ள இந்த இடத்துக்கு வாருங்கள். கூரை இல்லை, பவளக் கல்லால் கட்டிய தடித்த சுவர்கள் மட்டும். உள்ளே புல்தரை, பெரிய மரம், ஓரத்தில் இன்றைக்கும் மெழுகுவத்தி ஏற்றி வழிபடும் ஒரு சின்ன பீடம். வழிபாடு நடக்கும் இடம் என்பதால் கொண்டு வந்த துண்டை இங்கே போர்த்திக்கொள்ளுங்கள். எட்டு மணிச் சாய்வெயிலில் சுவரின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும், கல்லுக்கு நெருக்கமாகப் போய்ப் பாருங்கள், பவளத்தின் வரிகள் அப்படியே இருக்கும். சுவரில் சாய்வது, ஏறுவது, பெயர் கீறுவது கூடாது. 150 ஆண்டாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் கல் அது, விரலால் சுரண்டினாலும் உதிரும்.

மூழ்கிய கல்லறை: கரையில் இருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் ஒரு பெரிய சிலுவை நிற்கும். 1980-களில் இடுகாட்டின் நினைவாக வைத்தது. பலர் சாலையோர மேடையில் இறங்கி ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நேரம் இருந்தால் கீழே இறங்கி, படகில் சிலுவைக்கு அருகே போய், வழிகாட்டியோடு நீரில் முகம் வைத்துப் பாருங்கள்.

வரிசையாகக் கல்லறைகள் தெரியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பவளம் வளர்ந்து மூடிவிட்டது, வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டினால்தான் சில கற்கள் பிடிபடும். இதைத் தெரியாமல் வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள், தெரிந்து வருபவர்களுக்கு அந்தப் பவளமே போதும். கடல் ஏறியிருக்கும் நேரம்தான் இங்கே நல்லது, கால் பவளத்தில் படாது. நீரோட்டம் இருக்கும், நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள். எதையும் தொடவோ எடுக்கவோ வேண்டாம், கீழே இருப்பவர்கள் யாரோ ஒருவரின் முன்னோர்கள்.

காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம், சிலுவை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். மாலையில் சூரியன் சிலுவைக்குப் பின்னால் இறங்கும். இரண்டும் வேண்டும் என்றால் திரும்பி வரும் வழியில் ஐந்தேகாலுக்குள் மேடைக்கு வந்துவிடுங்கள்.

9. அதே நாள் மதியம்: குளிர்ந்த நீர்

பத்தரைக்கு மேல் வெயிலில் நிற்கும் வேலை எதுவும் வேண்டாம். கதார்மன் பக்கம் சாண்டோ நினோ குளிர் ஊற்று இருக்கிறது. நிலத்தடியில் இருந்து பொங்கும் நீர், பெரிய தொட்டி, சுற்றிலும் மரநிழல். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஞாயிறு என்றால் உள்ளூர்க் குடும்பங்களால் நிரம்பிவிடும், வார நாளில் போகும்படி திட்டத்தை நகர்த்துங்கள்.

பிறகு நேரம் இருந்தால் துவாசான் அருவி, அல்லது புராவில் உள்ள சோடா நீர்க் குளம். நீரில் லேசாகக் குமிழ் வரும், அவ்வளவுதான். இரண்டில் ஒன்றுதான் என்றால் அருவி.

திரும்பும் வழியில் நாசாக் பக்கம் தங்குப் என்ற கடலோர வெந்நீர் ஊற்று வரும். கடல் ஏறினால் குளிர்ந்துவிடும், இறங்கினால் சுடும். கையில் உள்ள தாளைப் பார்த்து, கடல் இறங்கும் நேரமாக இருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

10. ஹிபோக்-ஹிபோக் ஏறுபவர்களுக்கு

1,332 மீட்டர். 1951 டிசம்பரில் இதன் சரிவில் இறங்கிய தீச்சாம்பல் மேகம் சுமார் 500 பேரைக் கொன்றது. அதன் பிறகுதான் அந்த நாட்டில் எரிமலைகளைக் கண்காணிக்கத் தனி அரசு அமைப்பே உருவானது. இன்றும் உயிருள்ள எரிமலை என்பதால் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏற முடியாது.

தீவில் இறங்கின அன்றே மம்பாஹாவில் உள்ள சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அன்றைக்குப் பாதை திறந்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். அலுவலகம் வார இறுதியில் மூடியிருக்கும், சனிக்கிழமை வந்து ஞாயிறு ஏறுவேன் என்பது நடக்காது. ஏற மூன்று நான்கு மணி நேரம், இறங்க ஏறக்குறைய அதே அளவு. மேல் பகுதியில் கூரான எரிமலைப் பாறை, கையுறை வேண்டும். அன்று மாலை மறுபடி ஆர்டென்ட்.

11. சாப்பாடு

மீனும் பன்றியும் கோழியும்தான் எங்கும். சைவம் சாப்பிடுபவர்கள் "வலாய் கார்னே, வலாய் இஸ்தா", அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் மற்றது வந்துவிடும். காய்கறிக் குழம்பிலும் இறால் விழுது இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் வாழைப்பழமும், பருவத்தில் லான்சோனஸும் வாங்கி வண்டியில் வையுங்கள். பாஸ்டெல் என்ற இனிப்பு பன் இந்த ஊர்ச் சரக்கு, உள்ளே முட்டை மஞ்சள் கருவில் செய்த பூரணம், முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்கவும்.

12. மூன்றாம் நாள்: மந்திகே, தெற்குக் கரை, துறைமுகம்

இன்றைக்கு அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு கிளம்புங்கள். கிழக்கும் தெற்கும் பார்த்துவிட்டு மறுபடி யும்பிங் போய்ப் பை எடுத்து வருவது வீண் அலைச்சல், ஏனென்றால் இன்று பார்க்கும் எல்லாமே பெனோனியைச் சுற்றித்தான். அதனால் நேற்று வரை ஸ்கூட்டரில் சுற்றியவர்களும் இன்று மட்டும் மல்டிகேப் எடுங்கள். பை ஓட்டுநரிடம் இருக்கும்.

கிழக்குக் கரை வழியாக மஹினோக்கில் உள்ள சான் ரோக் வாருங்கள். ஏழு மணிக்குள் படகு ஏறினால் மந்திகே தீவின் கடல் அமைதியாக இருக்கும். இது வெள்ளைத் தீவு மாதிரி இல்லை, நடுவில் காடு, நிழல் உண்டு. மீன் பார்க்க ஒதுக்கிய பகுதிக்குள் மட்டும் நீந்துங்கள், மற்றது காப்பகம்.

பதினோரு மணிக்குக் கரைக்கு வந்து, பெனோனியைத் தாண்டித் தெற்கே போங்கள். காந்தான் கடற்கரையில் ராட்சதச் சிப்பிகளை வளர்க்கும் இடம் இருக்கிறது, வழிகாட்டி கூட வருவார். சிப்பி வாயைத் திறந்திருக்கும்போது நிழல் பட்டாலே மூடிக்கொள்ளும், மெதுவாக மிதந்து போங்கள். சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு இறங்காமல் முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள்.

அடுத்தது கின்சிலிபான் காவல் கோபுரம். கடல் கொள்ளையர்கள் வருகிறார்களா என்று பார்த்து எச்சரிக்க ஸ்பானியர் காலத்தில் கட்டியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பதால் பலர் தெரியாமலே தாண்டிப் போய்விடுவார்கள். பள்ளி நேரத்தில் வாசலில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். மேலே நின்றால் மிண்டனாவோ கரை தெரியும், எதற்காக இந்த மூலையில் கட்டினார்கள் என்பது அப்போது புரியும்.

பெனோனிக்கு இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். கடைசிப் படகை நம்பாதீர்கள். காற்று மாறினால் கடலோரக் காவல்படை மாலைப் படகுகளைத்தான் முதலில் நிறுத்தும், நிறுத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான். முதலில் டிக்கெட், பிறகு துறைமுகக் கட்டணம், இரண்டும் தனித் தனி ஜன்னல். டிக்கெட் எடுக்கப் பெயரும் அடையாள அட்டையும் கேட்பார்கள், பாஸ்போர்ட்டைப் பையின் அடியில் வைக்காதீர்கள். டிக்கெட் கைக்கு வந்த பிறகு நேரம் மிச்சமிருந்தால், பக்கத்திலேயே தாகினெஸ் என்ற உப்பங்கழி இருக்கிறது, கரையோரக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் படகு ஏறலாம்.